கீழடியில் தொடங்கி விளாச்சேரி வரை: மதுரையில் கைவினை பார்க்க வருவோருக்கு

மதுரைக்கு முதன்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால் என்று பார்த்துவிட்டு அன்று இரவே ரயிலேறிவிடுகிறார்கள். நேரம் அவ்வளவுதான் என்றால் சரி. ஆனால் நாட்டார் கலை, கைவினை என்று தேடி வருகிறவர்களுக்கு இந்த ஊரைச் சுற்றி இரண்டு நாளுக்குக் குறையாமல் வேலை இருக்கிறது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கிற பானையையும், அதேபோன்ற பானையை இன்றும் தட்டிக்கொண்டிருக்கிற கையையும் ஒரே பேருந்துச் சாலையில் பார்க்க முடிகிற இடம் இது. அந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வரிசை முக்கியம். முதலில் அருங்காட்சியகம், அப்புறம் தொழில் நடக்கிற இடம், கடைசியில் அந்தப் பொருள் போய்ச் சேருகிற கோயில், வீடு, கடைவீதி. நேராகக் கடைக்குப் போனால் பொம்மையும் புடவையும் வெறும் சரக்காகத் தெரியும். பழைய பொருளை நின்று பார்த்துவிட்டுப் போனால், செய்கிறவரிடம் என்ன கேட்பது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எப்போது வரலாம்

தை, மாசி மாதங்கள் சுகமானவை. வெயில் தாங்கும், மண்ணும் காயும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மண் வேலை செய்கிறவர்கள் தவித்துப் போவார்கள். காயாத மண்ணைச் சூளையில் வைக்க முடியாது, வைத்தால் வெடிக்கும். அந்த நாட்களில் போனால் மூடி வைத்த தார்ப்பாயைத்தான் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். ஆனால் அழகர் ஆற்றில் இறங்குவதும் சித்திரையில்தான் என்பதால், அந்தக் கூட்டத்தையும் வெயிலையும் தாங்க முடியும் என்றால் தாராளமாக வாருங்கள். கீழடி அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதை மனதில் வைத்து நாளைப் போடுங்கள்.

முதல் நாள் காலை: கீழடி

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். மானாமதுரை, பரமக்குடி, ராமேசுவரம் போகிற சாலையில் சிலைமானைத் தாண்டிக் கீழடி விலக்கு வரும். அங்கே இறங்கினால் உள்ளே ஆட்டோ கிடைக்கும். பிள்ளைகள், பெரியவர்களோடு வருகிறவர்கள் நாள் முழுவதற்கும் ஒரு வண்டி பேசிக்கொள்வது நல்லது. மாலையில் மானாமதுரை வரை போக வேண்டியிருக்கிறது.

அருங்காட்சியகத்தை 2023 மார்ச் 5 அன்று திறந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் முற்றமும் தூண்களும் ஓட்டுக்கூரையுமாகக் கட்டியிருக்கிறார்கள். அகழாய்வில் கிடைத்த பொருட்களை ஆறு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள்: மதுரையும் கீழடியும், வேளாண்மையும் நீர் மேலாண்மையும், கலம்செய் கோ (பானை செய்கிற குயவர்), ஆடையும் அணிகலன்களும், கடல்வழி வணிகம், வாழ்வியல். எல்லாவற்றையும் ஒரே அளவு நேரம் பார்க்க வேண்டியதில்லை. கைவினைக்காக வந்திருக்கிறீர்கள் என்றால் 'கலம்செய் கோ', 'ஆடையும் அணிகலன்களும்' ஆகிய இரண்டிலும் நிதானமாக நில்லுங்கள். மற்றவற்றை நடந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.

பின்னணி கொஞ்சம் தெரிந்தால் போதும். 2014-15-இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை எடுத்துச் செய்கிறது. நான்காம் கட்டத்தில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்றை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பியதில், கி.மு. 580 என்று காலக்கணிப்பு வந்தது. கீழடி என்றதும் எல்லோரும் சொல்கிற 'கி.மு. ஆறாம் நூற்றாண்டு' அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது பானைகளுக்கு வருவோம். கருப்பு-சிவப்புப் பானை என்று எழுதியிருக்கும். உள்பக்கமும் விளிம்பும் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. இரண்டு நிறத்துக்கு இரண்டு சாயம் பூசியதாக நினைக்க வேண்டாம். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வந்த நிறம் அது. கவிழ்த்த பானைக்குள் காற்று புகாது. புகையும் கரியும் உள்ளே தங்கி மண்ணைக் கருப்பாக்கும். வெளிப்பக்கத்துக்குக் காற்றும் தீயும் நன்றாகக் கிடைப்பதால், மண்ணில் இருக்கிற இரும்புச் சத்து சிவந்துவிடும். விளிம்புக்குக் கீழே கருப்பு எந்த இடத்தில் சிவப்பாக மாறுகிறது என்று குனிந்து பாருங்கள். கோடு நேராக ஓடாது. பானைக்குப் பானை ஏறி இறங்கும். அந்தப் பானை மண்ணிலும் சாம்பலிலும் எவ்வளவு ஆழம் புதைந்து நின்றது என்பது அந்தக் கோட்டில் தெரியும்.

அதற்கப்புறம் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்கள் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. எழுத்தின் போக்கு ஓட்டுக்கு ஓடு வேறுபடுகிறது. பானை செய்தவர் மட்டும் எழுதியிருந்தால் ஒரே கையெழுத்தாக இருந்திருக்கும். வாங்கியவர்களே தங்கள் பெயரைக் கீறியிருக்கலாம் என்று தொல்லியல் துறை கருதுகிறது. நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, அந்தப் பழக்கத்தை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கூரை ஓடுகள்தான். பலர் அவற்றைக் கவனிக்காமல் தங்கத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஈர மண்ணில் விரல்களை வைத்து மேலிருந்து கீழாக இழுத்த தடங்கள் ஓட்டின் முகத்தில் அப்படியே இருக்கின்றன. மழைத்தண்ணீர் அந்தப் பள்ளங்களின் வழியே வழிந்து ஓடும். மேல் ஓரத்தில் இரண்டு துளைகள். கயிறு கோத்து மரச்சட்டத்தில் கட்டுவதற்கு. கண்ணாடிக்கு வெளியே உங்கள் விரல்களை அதே இடைவெளியில் வைத்துப் பாருங்கள். ஒரு ஆள் ஒரு இழுப்பில் செய்த வேலை என்பது புரிந்துவிடும்.

ஆடைப் பிரிவில் நூல் நூற்கிற சுடுமண் தக்களிகள், நெசவில் பயன்பட்ட எலும்பு முனைக் கருவிகள், செம்பு ஊசி ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். நாளைக்கு முடிச்சிட்டுச் சாயம் போடுகிற சுங்குடிப் புடவையைப் பார்க்கப் போகிறோம்; மதுரைப் பக்கம் நூலோடு எவ்வளவு காலமாகப் பழகியது என்பதற்கு இவை சாட்சி. வாழ்வியல் பகுதியில் பகடைக்காய்களும் சுடுமண் வட்டுகளும் உண்டு. பிள்ளைகளை அங்கே கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள், பாண்டி விளையாடிய பிள்ளைகளுக்கு யாரும் விளக்கவே வேண்டாம்.

பக்கத்து ஊரான கொந்தகைதான் கீழடி மக்களின் இடுகாடு. அங்கே கிடைத்த ஈமத்தாழிகளின் பருமனைப் பார்த்தால், அந்தக் காலக் குயவர் அடுப்புக்குப் பானை செய்வதோடு நின்றவர் இல்லை என்று தெரியும். பிறப்பு, சாவு இரண்டுக்கும் அவர் கை வேண்டியிருந்தது. இன்றைக்கும் நம் ஊர்களில் அது பெரிதாக மாறவில்லை.

இரண்டரை மணி நேரமாவது கீழடிக்கு ஒதுக்குங்கள். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே படம் எடுப்பது பற்றிக் கேட்டுவிடுங்கள். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

முதல் நாள் பிற்பகல்: மானாமதுரை

அதே சாலையில் கிழக்கே போங்கள். வழியில் திருப்புவனத்தில் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். கோடையாக இருந்தால் சாலையோரம் நுங்கு கிடைக்கும், தவற விடாதீர்கள்.

வைகைக் கரையில் இருக்கிற மானாமதுரையின் மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பானை, அடுப்பு, அகல் எல்லாம் உண்டு என்றாலும், இசை கேட்கிறவர்களுக்கு மானாமதுரை என்றால் கடம்தான். இங்கே கடம் செய்து சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஊருக்குள் இறங்கி, கடம் செய்கிற வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

சக்கரத்தில் வனைவதைப் பார்த்ததும் வேலை முடிந்ததென்று கிளம்பிவிடாதீர்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுக்கும்போது பானைக்கு வாயும் கழுத்தும்தான் ஒழுங்காக இருக்கும்; அடிப்பக்கம் தடிமனாக, பல சமயம் திறந்தே இருக்கும். அதைக் கொஞ்சம் உலர விட்டு, மடியில் வைத்து, உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லை அண்டக் கொடுத்து, வெளியே மறு கையால் மரப்பலகையால் தட்டுவார்கள். தட்டத் தட்ட மண் நகர்ந்து அடிப்பக்கம் மூடிக்கொண்டு வரும், வயிறு உருண்டு வரும். சத்தத்தைக் கேளுங்கள். ஈரமாக இருக்கும்போது சொதசொதவென்று விழுகிற அடி, மண் இறுக இறுகக் கனமாக மாறும். சாதாரணப் பானைக்கு வடிவம் வந்தால் போதும். கடத்துக்குச் சுவரின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாதம் சேராது. அதனால் கடத்துக்கு விழுகிற அடிகளின் எண்ணிக்கை மிக அதிகம். மண்ணைப் பிசைவதிலும் அப்படித்தான். ஒரு சின்னக் கல் தங்கினாலும் சூளையில் விரிசல் விடும்.

மானாமதுரைக் கடம் சென்னைக் கடத்தைவிடக் கனமானது, சுவரும் தடிமன். உலோகத்தில் தட்டியதுபோலக் கணீரென்று கேட்கும், வாசிக்கிற விரலுக்கும் பலம் அதிகம் வேண்டும். சுருதியைப் பிறகு திருகிக் கூட்டிக் குறைக்கிற கருவி இது இல்லை. அளவும் தடிமனும் சூடும் சேர்ந்து சூளையிலேயே சுருதி நின்றுவிடும். வாங்குகிறவர் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டித் தனக்கு வேண்டிய சுருதியைத் தேடி எடுத்துப் போவார். நீங்கள் வித்வான் இல்லாவிட்டாலும் அனுமதி கேட்டு இரண்டைத் தட்டிப் பாருங்கள். வாயருகே, வயிற்றில், கழுத்தில் மூன்று விதமாக ஒலிக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது வீடு, தொழில் நடக்கிற இடம். "ஐயா, கொஞ்ச நேரம் பார்க்கலாமா?", "அம்மா, படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பாருங்கள். உங்களுக்காகச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார்கள் என்றால் அவர்கள் வேலை அரை மணி நேரம் நின்றது என்று அர்த்தம். ஒரு பூந்தொட்டியாவது, நான்கு அகலாவது வாங்காமல் கிளம்புவது முறையில்லை. விலையைக் குறைத்துக் கேட்டு வாதாடாதீர்கள். மண், விறகு, வைக்கோல் எல்லாவற்றுக்கும் காசு கொடுத்து, சூளையில் உடைந்து போனதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை. பல பொருட்களுக்கு அந்த விலையே குறைச்சல் என்பது என் எண்ணம்.

இரண்டாம் நாள் காலை: விளாச்சேரி, கீழக்குயில்குடி

ஊருக்கு மறுபக்கம். திருப்பரங்குன்றம், பசுமலைப் பக்கம் இருக்கிறது விளாச்சேரி. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. மண் வேலை செய்கிற வேளார்கள் குடும்பம் குடும்பமாகப் பொம்மை செய்கிற ஊர். ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் விளக்கு, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில் என்று ஆண்டு முழுக்க வேலை ஓடும். ஒரே திண்ணையில் பெருமாளும் குழந்தை இயேசுவும் பக்கத்துப் பக்கத்தில் வெயிலில் காய்வதை இங்கே பார்க்கலாம். நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பு வந்தால் வீதி முழுக்க வண்ணம்தான். ஆனால் பேச யாருக்கும் நேரம் இருக்காது. தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் விழாக்கள் ஓய்ந்த மாதங்களில் வாருங்கள்.

பெரும்பாலான பொம்மைகள் அச்சில் உருவாகின்றன. முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சு. கண்மாய் மண்ணைப் பிசைந்து ரொட்டிபோலத் தட்டி அச்சுக்குள் விரலால் அழுத்துவார்கள். இரண்டையும் சேர்த்து, சேர்ந்த இடத்தை ஈர மண்ணால் பூசி, கத்தியால் பிசிறு எடுத்து, நிழலில் காயவைத்து, அப்புறம் வெயிலில் வைத்துச் சூளைக்கு அனுப்புவார்கள். சுட்டு வந்த பின் வெள்ளை அடித்து வண்ணம். கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள், பெரும்பாலும் அதில் கை தேர்ந்த ஒருவர்.

வாங்கும்போது பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். செங்கல் நிறத்தில் இருந்து, தட்டினால் டங்கென்று கேட்டால் சுட்ட மண். வெள்ளையாக, சுரண்டினால் மாவு உதிர்ந்தால் பிளாஸ்டர். தூக்கினால் பூப்போல இருந்தால் காகிதக் கூழ். மூன்றும் அவரவர் தேவைக்கு நல்லதுதான். ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் காகிதக் கூழ் வசதி. ஆற்றிலோ குளத்திலோ கரைக்கிற பிள்ளையார் என்றால் மட்டும் சுடாத பச்சை மண்ணைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள்.

விளாச்சேரியில் முடித்த கையோடு சமணர் மலை அடிவாரத்தில் கீழக்குயில்குடிக்குப் போங்கள். தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். அருவாளும் மீசையுமாகக் கருப்பசாமி, பாய்கிற குதிரைகள். மலைமேல் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன, ஏற முடிந்தவர்கள் ஏறலாம். நமக்கு இங்கே முக்கியம் குதிரைகள்.

மதுரை, சிவகங்கைச் சீமை முழுக்க அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிற வழக்கம் உண்டு. புரவி எடுப்பு என்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறித்து, கோயில் நிலத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். அது பிடிமண். அதைத் தன் களிமண்ணோடு சேர்த்துத்தான் அவர் வேலையைத் தொடங்குவார். முதலில் நான்கு கால்களும் குழாய்களாக எழும்பும். அவை தாங்குகிற அளவுக்கு உலர்ந்த பின் வயிறு, அப்புறம் கழுத்து, தலை. உள்ளே முழுக்க வெற்றிடம். தீயும் காற்றும் போய்வர அங்கங்கே துளை விட்டிருப்பார்கள். சுட்டு வண்ணம் தீட்டிய குதிரைகளை ஊரார் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே வைத்ததோடு சரி. வெயிலிலும் மழையிலும் அவை சிதைந்து மண்ணோடு மண்ணாகும்; அடுத்த எடுப்புக்குப் புதியவை வரும். அதனால் அய்யனார் கோயிலில் உடைந்து கிடக்கிற குதிரைத் தலையையோ காலையோ 'நினைவுப் பொருள்' என்று எடுத்து வராதீர்கள். அது சாமிக்குக் கொடுத்தது. செருப்பைத் தொலைவிலேயே கழற்றிவிடுங்கள். சில அய்யனார், கருப்பர் கோயில்களில் பெண்கள் போகிற எல்லை பற்றி ஊர்க் கட்டுப்பாடு உண்டு, உள்ளே போகும் முன் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டாம் நாள் மாலை: கோயிலைச் சுற்றி

மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தையற்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்தைப் புதுப்பிப்பதற்காக அவர்கள் கடைகளைப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போய்ப் பாருங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேண்டிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும், திரி எடுக்கிறவர்களும், சாமியாடிகளும் உடுத்துகிற சல்லடம், கச்சை, உருமால், குல்லா ஆகியவை இந்தத் தையல் இயந்திரங்களிலிருந்துதான் வருகின்றன. தேரில் தொங்குகிற, குழாய் வடிவத் துணித் தொங்கல்களான தொம்பைகளையும் தைக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணியில் ஜிகினா வைத்து விளிம்பு கட்டுகிற வேகத்தைப் பார்க்கவே போகலாம். தண்ணீர் பீய்ச்சும் ஆட்டுத்தோல் பைக்குத் தோப்பறை என்று பெயர். விழா நெருங்கும்போது வாங்கக் கிடைக்கும். பங்குனியில் போனால் விழா வேலை உச்சத்தில் இருக்கும்.

அங்கிருந்து தெற்கு மாசி வீதி, மகால் பக்கம் வந்தால் சுங்குடி. நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில். 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியைச் சிட்டிகை அளவு கிள்ளி எடுத்து, நூலால் சுற்றி முடிச்சிட்டு, சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாததால் அங்கே புள்ளி விழும். ஒரு புடவைக்குப் பல ஆயிரம் முடிச்சுகள், பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தே போடுவது.

கடையில் சுங்குடி என்று தருவதில் பெரும்பகுதி இன்று அச்சடித்தது. அதை உடுத்துவதில் ஒரு குறையும் இல்லை, விலை குறைவு, கோடைக்குச் சுகம். ஆனால் முடிச்சுச் சுங்குடியின் விலைக்கு அச்சுப் புடவையை வாங்கிவிடக் கூடாது. புள்ளியின்மேல் விரலை ஓட்டுங்கள். முடிச்சுப் போட்டதென்றால் ஒவ்வொரு புள்ளியும் சின்னதாக மேடு தட்டிச் சுருங்கியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் வட்டங்கள் ஒன்றுபோல ஒன்று இருக்காது, சில நீண்டும் சில கோணியும் இருக்கும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, துணி தட்டையாக இருக்கும். கடைக்காரரிடம் "கைமுடிச்சுதானா?" என்று நேராகவே கேளுங்கள், நல்ல கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். முதல் சில சலவைகளில் தனியாக உப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

மகாலுக்கு நேரம் இருந்தால் போய்வாருங்கள். 1636-இல் கட்டியது. தூண்களின் பருமனைவிட வளைவுகளில் இருக்கிற சுதை வேலையை அண்ணாந்து பாருங்கள், அது கொத்தனாரின் கைவினை.

கொண்டுபோவது எப்படி

மண் பொருட்களைச் செய்கிறவரிடமே கட்டித் தரச் சொல்லுங்கள். வைக்கோல் திணித்துக் கட்டுகிற பக்குவம் அவர்களுக்குத்தான் தெரியும். பானைக்கு உள்ளேயும் வைக்கோல் போக வேண்டும், வெளியே மட்டும் சுற்றினால் பயன் இல்லை. பொம்மையில் கை, மூக்கு, கிரீடம் போன்ற நீட்டிய பகுதிகளுக்குத் தனியாகத் துணி சுற்றி, பெட்டியில் நிற்கவைத்து அடுக்குங்கள். ரயிலில் மேல் பெர்த்தில் ஏற்றாதீர்கள், கீழ் இருக்கைக்கு அடியில் சுவரை ஒட்டித் தள்ளிவிடுங்கள். கடம் வாங்கியிருந்தால் அதற்குத் துணிப்பை தைத்து மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். புதுப் பானையில் சமைக்கப் போகிறவர்கள் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, அடுத்த நாள் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிக் குறைந்த தீயில் கொதிக்கவைத்து, ஆறிய பின் கொட்டிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.